மைதானத்தை வலம் வந்த நாள்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. பதினாறு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் வேலையிடத்தில் பெட்டிகளின் மேல் ஒட்டும் சீட்டுகளும், பிள்ளைகளின் பள்ளிக்கு அனுப்பிய லீவுக் கடிதங்களும்தான். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லிக் கேட்டபோது, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அது அவர்களுக்குக் கேட்கவில்லை போலும். என் குரல் அப்படி. கடைசி வாங்கில் ஜன்னலோரம் இருந்துகொண்டு, பெயர் கூப்பிடும்போது கையை மட்டும் உயர்த்துகிற பிள்ளையை நினைவிருக்கிறதா? அது நான்தான். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வயதுக்காரர்தானே வாசிக்கப் போகிறீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இன்னொருவரும் வாசிப்பார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கோடையில் உலகக் கிண்ணம் மறுபடியும் அமெரிக்காவுக்குப் போகிறது. முன்பு அங்கே நடந்தபோது எங்களுக்குப் பதினொரு வயது. உங்களில் பலர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து பார்த்திருப்பீர்கள். நான் ஓர் ஆட்டத்தை நேரிலே பார்க்கப் போனேன். போனேனே தவிர, பார்க்கவில்லை.

அப்போது நாங்கள் லண்டன் கோலியர்ஸ் வுட்டில், ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தோம். பகல் முழுக்க எங்கள் தரை மெல்ல நடுங்கிக்கொண்டிருக்கும். கட்டிலில் படுத்தால் முதுகிலே தெரியும். சூடான சவர்க்கார வாசம் படியேறி வரும். அப்பா பேக்கரியில் வேலை செய்தார். அவர் வரும்போது அந்தச் சவர்க்கார வாசத்தைத் தள்ளிக்கொண்டு பாண் வாசம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரொறொன்ரோவிலிருந்து பெரியப்பா தொலைபேசி எடுப்பார். அப்பாவின் ஒரே அண்ணன். அவரோடு கதைக்கும்போது அப்பா கதிரையில் இருக்கமாட்டார். சுவரோடு நேராக நின்றுதான் கதைப்பார். அண்ணனும் தம்பியும் நேரில் கண்டு ஒன்பது வருடம். அப்பாவிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலநிறப் பயணப் புத்தகம்; அதற்குக் கனடா விசா ஒருமுறை கேட்டுக் கிடைக்கவில்லை. பெரியப்பாவுக்கோ லண்டன் வர வழியில்லை. பெரியம்மா படுக்கையில் இருந்தார். ஒரு நாளுக்குமேல் அவரைப் பிறர் பொறுப்பில் விட்டுவர ஏலாது.

இந்த இரண்டு பேரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஊரில் அப்பா கோல் கீப்பர். பெரியப்பா ஒருநாளும் பந்தைத் தொட்டதில்லை. ஆனால் அப்பா விளையாடும் ஒவ்வொரு பந்தடிக்கும் கறுப்புக் குடையைப் பிடித்தபடி அப்பாவின் கோலுக்குப் பின்னால் நிற்பார். "இடப்பக்கம் பார், தம்பி, இடப்பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். இடைவேளைக்குப் பிறகு கோல் மாறும்போது அவரும் குடையோடு மற்றக் கோலுக்கு நடந்து போவார். அந்த மைதானம் கோயில் வெளி. அதனால் ஆர் எங்கே போவதென்றாலும் வலமாகத்தான் சுற்றிப் போவார்கள். பத்தடி தூரத்தில் இருக்கிற ஆளிடம் போவதற்குக்கூட முழுச் சுற்றுச் சுற்றுகிற சனமும் இருந்ததாம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவோடு வேலை செய்த அயர்லாந்துக்காரர் ஒருவருக்கு அந்த வருடம் தன் நாட்டு இரசிகர் கூட்டத்தோடு அமெரிக்கா போக மூன்று இடம் கிடைத்திருந்தது. கடைசி நேரத்தில் அவருடைய கால் முறிந்தது. ரிக்கெற்றுகளை அவர் அப்பாவிடம் கொடுத்து ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: மூன்று பேரும் பச்சைச் சட்டை போடவேண்டும், வாய்விட்டுக் கத்தவேண்டும். சட்டைகளையும் அவரே தந்தார். எனக்கு வந்தது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அம்மா சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று, "வாழைக்குலைக்குச் சாக்குக் கட்டினமாதிரிக் கிடக்கு," என்றார்.

ஆட்ட ரிக்கெற் கையில் இருந்ததாலோ என்னவோ அமெரிக்க விசா கிடைத்தது. அன்றைக்கே அப்பா தானாகத் தொலைபேசி எடுத்தார். நேராக நின்றுகொண்டு.

"அண்ணை, ரொறொன்ரோவில இருந்து பஸ் விடினமாம் எண்டு கேள்வி. ரிக்கெற் எடுக்க ஏலுமே?"

பெரியப்பா ஏதோ சொன்னார்.

"ஓம் ஓம், பஸ் ஆட்டம் முடிஞ்ச உடன திரும்பும் எண்டு தெரியும். அந்த ரெண்டு மணித்தியாலம் போதும் அண்ணை. எங்கை நிக்கிறதோ? வழமை போலத்தான். எங்கட கீப்பருக்குப் பின்னால நில்லுங்கோ. குடையைக் கொண்டு வாங்கோ, நானும் கொண்டுவாறன்."

அவ்வளவுதான் ஏற்பாடு. இருக்கை இலக்கம் கேட்கவில்லை. எந்த வாசல் என்று கேட்கவில்லை. அம்மா ஏதோ சொல்ல வந்தார். "உமக்குப் பந்தடியைப் பற்றி என்ன தெரியும்?" என்று அப்பா அவரை அடக்கிவிட்டார். கைத்தொலைபேசி இல்லாத காலம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அந்த மைதானத்தை நான் முதலில் பஸ் ஜன்னலால் பார்த்தேன். வெட்டவெளியில் ஒரு பிரமாண்டமான கொங்கிரீட் சட்டி. அதைச் சுற்றி ஊர் இல்லை, கடைத்தெரு இல்லை, கார்கள் மட்டும்தான். கார்களின் பின்கதவைத் திறந்துவைத்து, அங்கேயே அடுப்பு மூட்டி, சனம் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தது. மடக்குக் கதிரைகள், பாட்டு, புகை, ஓடித்திரிகிற பிள்ளைகள். லண்டனில் மைதானம் என்றால் வீடுகளுக்கு நடுவில் இருக்கும். சனம் அவசரமாக உள்ளே போகும், அவசரமாக வெளியே வரும். இங்கே யாருக்கும் அவசரம் இல்லை.

"இது பந்தடி இல்லையப்பா, தேர்த்திருவிழா," என்றார் அம்மா.

அப்பாவுக்கு அந்தப் பேச்சு நன்றாகப் பிடித்துக்கொண்டது. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தப் பேச்சும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

வாசலில் காவலுக்கு நின்ற ஒரு பெரிய மனிதர் அப்பாவின் குடையைச் சுட்டிக்காட்டித் தலையாட்டினார். உள்ளே குடை கொண்டுபோக ஏலாதாம். அப்பா என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வெளியே எங்கள் குடும்பத்தின் வாய் நான்தான்.

"பிள்ளை, சொல்லு அவருக்கு. அண்ணை என்னைக் குடையை வச்சுத்தான் கண்டுபிடிப்பார் எண்டு."

நான் "ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னேன். அதுவும் என் சட்டைக் கழுத்துக்குள்ளேதான் சொன்னேன். அவர் நல்ல மனிதர். ஆட்டம் முடிந்ததும் வந்து எடுக்கலாம் என்று சிரித்து, இலக்கம் போட்ட மஞ்சள் துண்டு ஒன்றைத் தந்தார். அப்பா அதைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். ஐந்தடி நடந்ததும் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

எங்கள் இருக்கைகள் வானத்துக்குப் பக்கத்தில் இருந்தன. கீழே பார்த்தால் தலை சுற்றியது. அது அமெரிக்கர்கள் தங்களுடைய மற்றப் பந்து விளையாடுகிற இடம். கையில் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி, ஒருவர்மேல் ஒருவர் விழுவார்களே, அது. பாட்டுக் கச்சேரியும் அங்கேதான் வைப்பார்களாம். புல்லை இதற்கென்றே புதிதாகப் பதித்திருந்தார்கள். ஆனாலும் கரையோரச் சுவர்களில் அவர்களுடைய ஆட்டத்துப் பெரிய இலக்கங்கள் அரைகுறையாகத் தெரிந்தன. அப்பா கண்ணை இடுக்கி மைதானத்தை அளந்தார். "கோர்ணர் அடிக்க ஓடிவர இடம் காணாது," என்றார். எங்களைச் சுற்றி எங்கும் பச்சைச் சட்டை. எதிர்ப்பக்கமும் பச்சை. இவ்வளவு பச்சைக்குள் பெரியப்பாவை எப்படித் தேடுவது என்ற யோசனை அப்போதுகூட அப்பாவுக்கு வரவில்லை.

ஆட்டம் தொடங்கியது. எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அமெரிக்கக் குடும்பம் இருந்தது. கீப்பர் பந்தை வானத்துக்கு உதைத்தபோதெல்லாம் அவர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். எவ்வளவு உயரமாகப் போகிறதோ அவ்வளவு கைதட்டு.

"பாத்தீரே," என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "கீப்பரின்ட அருமை தெரிஞ்ச நாடு."

எங்கள் கீப்பர் எங்களுக்கு நேரெதிர்ப் பக்கக் கோலில் நின்றார். அப்பா எழும்பினார். மொழிக்குத் துணையாக என்னையும் கையில் பிடித்துக்கொண்டார். அம்மாவை இருக்கைகளுக்குக் காவல் வைத்துவிட்டு, வளைந்து வளைந்து இறங்கும் சாய்வுப் பாதையால் கீழே போனோம். பாதி வழியில் திடீரென்று தலைக்கு மேலே கொங்கிரீட் அதிர்ந்தது. எங்கள் சலவைக் கடையில் நூறு மெஷின்கள் ஒன்றாகச் சுற்றியமாதிரி.

"கோல்!" என்றார் அப்பா. நின்றார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு கீழேயே நடந்தார்.

அந்த ஆட்டத்தில் விழுந்தது அந்த ஒரு கோல்தான்.

கீழ்த்தளத்தில் மைதானத்தைச் சுற்றி அகலமான நடைபாதை ஒன்று வளைந்து போனது. சாப்பாட்டுக் கடைகள், கழிப்பறைகள், வரிசைகள். அப்பா அதைப் பார்த்ததும், "கோயில் வெளிவீதி மாதிரி," என்றார். மைதானம் வலக்கைப் பக்கம் இருக்கத்தக்கதாகத் திரும்பி நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன். சட்டை காலில் தடக்கியது. கீப்பருக்குப் பின்பக்கம் போனதும் ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் ரிக்கெற்றைப் பார்த்து, இது உங்கள் பகுதி இல்லை என்று மறித்தார். உள்ளே ஆயிரக்கணக்கான முதுகுகள். ஒரு குடையும் இல்லை.

"அண்ணை எங்களைத் தேடி வெளிக்கிட்டிருப்பார்," என்றார் அப்பா. மேலும் நடந்தோம். ஒரு முழுச் சுற்று. பிறகு இன்னொன்று. இடைவேளை வந்து நடைபாதை சனத்தால் நிரம்பியது. எல்லாரும் வயிறுவரை மட்டும் உள்ள மனிதர்களாக எனக்குத் தெரிந்தார்கள். "கோல் மாறும். அவர் மற்றப் பக்கம் போவார்," என்று மற்றப் பக்கத்துக்கு. அங்கேயும் இல்லை. அப்பா நடையை எட்டிப் போட்டார். ஒன்பது வருடத்துக்கு ஒரு நாள். அந்த நாளில் இனி முக்கால் மணித்தியாலமும் இல்லை. முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். ஆனால் மஞ்சள் துண்டு இருக்கிறதா என்று அடிக்கடி பையைத் தொட்டார்.

அப்போதுதான் தகவல் கவுண்டர் ஒன்றைக் கண்டார். பேனை வாங்கி, ரிக்கெற்றின் பின்பக்கத்தில் பெரியப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினார்.

"பிள்ளை, இதை அந்த மனிசியிட்டக் குடு. ஒலிபெருக்கியில கூப்பிடச் சொல்லு. தம்பி இஞ்ச நிக்கிறார் எண்டு."

இனிச் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் பதினாறு எழுத்து. பள்ளியில் பெயர் கூப்பிடும் ரீச்சர் என் பெயருக்கு முன் ஒரு மூச்சு எடுப்பார். அந்த மூச்சு கேட்டதுமே வகுப்பு சிரிக்கத் தொடங்கிவிடும். உங்களில் சிலருக்கும் அந்த மூச்சைத் தெரிந்திருக்கும். வரிசையில் நிற்கும்போது எனக்கு அதுதான் கேட்டது. இந்த மனிசி மைக்குக்கு முன் மூச்செடுப்பாள். பிறகு இந்தச் சட்டி முழுக்க நிரம்பிய சனம் சிரிக்கும். பெரியப்பாவின் பெயருக்கு. எனக்கு முன்னால் இரண்டு பேர். பிறகு ஒருவர். என் முறை வந்தபோது அந்தப் பெண் குனிந்து, என்ன வேண்டும் கண்ணே என்பதுபோல ஏதோ கேட்டாள். நான் ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு விலகினேன். ரிக்கெற்றைச் சப்பாத்துக்குள் செருகினேன்.

"அப்பிடிக் கூப்பிட மாட்டினமாம், அப்பா."

அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சரி பிள்ளை. நீ கேட்டனியெல்லோ," என்று என் தலையைத் தடவினார். மறுபடி வலமாக நடந்தோம். ஒவ்வோர் அடிக்கும் அந்த ரிக்கெற் உள்ளங்காலில் குத்தியது.

எங்கள் சாய்வுப் பாதையின் அடிக்கு மூன்றாம் தடவை வந்தபோது அம்மா அங்கே நின்றார். காவல் காத்தது போதும் என்று இறங்கி வந்துவிட்டார்.

"என்ன, காணேல்லையே?"

"எல்லா இடமும் பாத்தாச்சு. மூண்டு சுத்து."

"எந்தப் பக்கத்தால சுத்தினனீங்கள்?"

"இதென்ன கேள்வி? வலமாத்தான்."

அம்மா இடுப்பில் கையை வைத்தார். "அண்ணை எந்தப் பக்கத்தால சுத்துவார்?"

அப்பா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரும் வலமாச் சுத்துவார், நீங்களும் வலமாச் சுத்துவியள். விடிய விடியச் சுத்தினாலும் ஆரின்ட முகத்தை ஆர் பாக்கிறது? மறுவளமா நடவுங்கோ."

"இடமாவோ?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "அதெப்பிடியப்பா..."

"இது கோயிலே? நாள் தவறாமல் விளக்கு வைக்கிறவள் நான் சொல்லுறன். பாவம் வந்தால் எனக்கு வரட்டும். நடவுங்கோ!"

தேர்த்திருவிழா என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

இடப்பக்கமாகத் திரும்பினோம். அப்பா முதல் சில அடியைத் தண்ணீருக்குள் காலை வைக்கிறமாதிரி வைத்தார். இப்போது எல்லா முகங்களும் எங்களை நோக்கி வந்தன. ஐந்து நிமிடம்கூட இராது. ஒரு தூணைச் சுற்றி, பச்சைத் தொப்பி போட்ட ஒரு மெலிந்த மனிதர் வந்தார். வேகமாக, நெஞ்சை முன்னால் தள்ளி, அப்பா நடப்பதைப் போலவே. கையில் முறுக்கு மாதிரிப் பின்னிய ஒரு பெரிய ரொட்டி, ஒரு சாப்பாட்டுத் தட்டளவு.

அப்பா நின்றுவிட்டார். நேராக, தொலைபேசிக்குப் பக்கத்தில் நிற்கிறமாதிரி.

பெரியப்பா எங்களைக் கடந்து இரண்டடி போய்விட்டார். பிறகுதான் திரும்பினார். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, இடமா வாறாய்?" என்றார்.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவர் தம்பியிடம் நேரில் பேசிய முதல் வார்த்தை அது. அப்பா சிரிக்கத் தொடங்கி அழுதார். பெரியப்பா அந்த ரொட்டியோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்தார். அப்பாவின் பச்சைச் சட்டையின் முதுகெல்லாம் உப்புக் கல் ஒட்டியது.

சாய்வுப் பாதையின் ஓரத்தில் நால்வரும் தரையில் இருந்தோம். பெரியப்பாவின் குடையையும் வாசலில் வாங்கிவிட்டார்களாம். இரண்டு மஞ்சள் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"உதென்ன அண்ணை, உந்தப் பெரிய முறுக்கு?"

"அதை ஏன் கேக்கிறாய். ஒலிபெருக்கியில உன்னைக் கூப்பிடச் சொல்லுவம் எண்டு ஒரு வரிசையில போய் நிண்டன். கிட்டப் போனாப் பிறகுதான் தெரியுது, அது சாப்பாட்டுக் கடை. என்ன வேணும் எண்டு கேட்டாள். வாய் வரேல்லை. இதைக் காட்டினன், தந்திட்டாள். பிறகு மற்ற இடத்தில போய்க் கேக்க வெக்கமாக் கிடந்தது."

அவர் அதை ஒரு பகிடியாகச் சொன்னார். தலை நரைத்த ஒரு மனிதர், கூச்சத்தை இப்படி வெளிச்சத்தில் வைத்துவிட்டுச் சிரிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"என்ட பிள்ளை போய்க் கேட்டவள் அண்ணை," என்றார் அப்பா. "அவங்கள்தான் மாட்டன் எண்டிட்டாங்கள்."

"கேட்டவளே! இந்த வயசிலயோ?" பெரியப்பா ரொட்டியை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை என்னிடம் தந்தார். "இந்தா, கெட்டிக்காரி. நாங்கள் ரெண்டு பேரும் மொக்குகள்."

நான் அதைத் தின்றேன். வெளியே உப்பு, உள்ளே மெத்து. இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

மேலே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கொங்கிரீட் அடிக்கடி முனகியது. போய்ப் பார்ப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் கதைத்ததில் பாதி ஆட்களின் பெயர்தான்: இன்னார் எங்கே, இன்னாருக்கு எத்தனை பிள்ளை. பெரியம்மாவுக்கு என்று அம்மா பையில் மறைத்துக் கொண்டுவந்த மிளகாய்த்தூள் பொட்டலத்தைக் கொடுத்தார். குடையைப் பறித்தவர்களுக்கு அது அகப்படவில்லை. கடைசி விசில் ஊதியதும் சனம் வெள்ளமாக இறங்கியது. பெரியப்பா எழும்பி, பஸ் விட்டுவிடும் என்று அப்பாவின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். பச்சைத் தொப்பி பச்சைக்குள் போய் மறைந்தது. அப்பா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், முகம் முழுக்கச் சிரிப்போடு.

பயணப் புத்தகம் போய்ப் பாஸ்போர்ட் வந்தபின் அப்பா இரண்டு தடவை ரொறொன்ரோ போய்வந்தார். பெரியப்பா இப்போது இல்லை. அந்த மைதானமும் இல்லை. இடித்துவிட்டுப் பக்கத்தில் வேறொன்று கட்டினார்கள் என்று மகன் சொன்னான். அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. தோர்ண்டன் ஹீத்தில் எங்களோடுதான் இருக்கிறார். கலியாண வீடுகளில் இன்றும் இந்தக் கதையைச் சொல்வார். "என்ட பிள்ளை பதினொரு வயசில அமெரிக்காக்காரியோட நேருக்கு நேர் நிண்டு கதைச்சவள்," என்று முடிப்பார். அதை நம்பித்தான் அதன்பிறகு கவுன்சில், டொக்டர், வங்கி எல்லாவற்றுக்கும் என்னையே முன்னால் விட்டார். கதைக்கத் தெரிந்த பிள்ளை என்று அவர் நினைத்ததால், நானும் எப்படியோ கதைத்துப் பழகினேன். மெதுவாகத்தான், ஆனாலும் கதைத்தேன்.

இந்த மலர் வந்ததும் அவர் பெரிய கண்ணாடியை வைத்து முதற்பக்கத்திலிருந்து விளம்பரம்வரை வாசிப்பார். அவரைத்தான் முதலில் சொன்னேன். அப்பா, அன்றைக்கு நான் அந்த மனிசியிடம் கேட்கவேயில்லை. அந்த ரொட்டியின் பெரிய பாதி உங்கள் அண்ணனுக்கே சேரவேண்டியது.

அந்த ஆட்டத்துக்கு அடுத்த நாள் பொழுதுபடுகிற நேரம் ஹீத்ரோவில் இறங்கினோம். மழை பெய்துகொண்டிருந்தது. அப்பா குடையைத் தேடிப் பையைத் துழாவினார். மைதான வாசலில் தந்த மஞ்சள் துண்டுதான் கையில் வந்தது. மூன்று பேரும் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நின்றோம்.